பிளைன்டில் அடைமொழி வேண்டாம், பக்க எண் போடுங்கள்

கேள்வி: நான் தென் மாவட்டத்தில் ஓர் அரசு சட்டக் கல்லூரியில் படித்து, மூன்று வருடம் மாவட்ட நீதிமன்றத்தில் சொத்து வழக்குகள் பார்த்தேன். இப்போது சென்னையில் அறிவுசார் சொத்துரிமை வழக்குகளை மட்டும் நடத்தும் ஓர் ஆபீஸில் ஜூனியர். சட்டப் பிரிவுகள் தெரியும். ஆனால் நான் எழுதும் பிளைன்ட் (வழக்கைத் தொடங்கும் மனு), அபிடவிட் (சத்தியம் செய்து கொடுக்கும் வாக்குமூலம்) எல்லாமே சிவப்பு மையோடு திரும்பி வருகின்றன. "சத்தம் இருக்கு, சங்கதி இல்லை" என்று சீனியர் ஓரத்தில் எழுதுகிறார். பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள் நான். என் ஆங்கிலம்தான் குறையா? ஏதாவது கோர்ஸ் சேரலாமா? அறிவியல் பட்டம் இல்லாமல் பேடன்ட் வழக்கு எழுத முடியுமா? ஏஐ-யை வைத்து டிராப்ட் செய்யலாமா? பெயர்களை நீக்கி, ஒரு மசாலா பாக்கெட் வழக்கில் நான் எழுதிய பத்தியை இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள இளம் வழக்கறிஞருக்கு,

ஓரத்தில் குறிப்பு எழுதித் திருப்பித் தருகிற சீனியர் உங்களுக்குக் கிடைத்திருக்கிறார். அது பெரிய விஷயம். பல ஆபீஸ்களில் ஜூனியரின் டிராப்டை வாங்கி, சீனியரே ராத்திரி உட்கார்ந்து மாற்றி எழுதி, காலையில் பைல் செய்துவிடுவார். எது மாறியது, ஏன் மாறியது என்று ஜூனியருக்குத் தெரியவே தெரியாது. அந்தச் சிவப்பு மைத் தாள்களை வழக்கு வாரியாகச் சேர்த்து வையுங்கள். கடைசியில் பைல் ஆன வடிவத்தையும் பக்கத்தில் வைத்துப் பத்தி பத்தியாக ஒப்பிட்டுப் பாருங்கள். இந்தத் தொழிலில் எழுதக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பாடப்புத்தகம் இல்லை.

ஆங்கிலத்தைப் பற்றிய கவலையை இறக்கி வைத்துவிடுங்கள். உயர் நீதிமன்றத்தில் ஆங்கிலத்தில்தான் எழுதியாக வேண்டும், சரி. ஆனால் நீங்கள் அனுப்பிய பத்தியில் இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது. அந்தப் பத்தி ஏறத்தாழ இப்படிப் போகிறது: "வாதியின் உலகப் புகழ்பெற்ற, தனித்துவம் மிக்க, மிகப் பிரபலமான சின்னத்தையும் பாக்கெட் வடிவமைப்பையும் பிரதிவாதி தீய எண்ணத்தோடு, சட்டவிரோதமாக, அப்பட்டமாக, அச்சு அசலாகக் காப்பியடித்து, அப்பாவிப் பொதுமக்களை ஏமாற்றி, சட்டவிரோத லாபம் ஈட்டி வருகிறார்."

இதைப் படித்து முடித்த நீதிபதிக்கு என்ன தெரியும்? நீங்கள் கோபமாக இருக்கிறீர்கள் என்று தெரியும். என்ன பாக்கெட், எப்போது வந்தது, எதைக் காப்பியடித்தார் என்று எதுவும் தெரியாது. பெயர்களை மாற்றிவிட்டால் இதே பத்தியைச் செருப்புக் கம்பெனி வழக்கிலும் போடலாம், மருந்துக் கம்பெனி வழக்கிலும் போடலாம். எந்த வழக்குக்கும் பொருந்துகிற பத்தி உங்கள் வழக்குக்கு உதவாது.

அதையே நான் எழுதினால் இப்படி எழுதுவேன். தேதிகளும் பக்கங்களும் கற்பனை:

"வாதி 2009 முதல் மஞ்சள் நிறப் பாக்கெட்டில் சாம்பார்ப் பொடி விற்று வருகிறார் (ஆவணம் 6, பக்கம் 41). பாக்கெட்டின் நடுவில் சிவப்பு வட்டம், வட்டத்துக்குள் உரலும் உலக்கையும், கீழே வெள்ளை எழுத்தில் பெயர். 2025 ஜனவரி 18 அன்று வாதியின் விற்பனைப் பிரதிநிதி விழுப்புரத்தில் ஒரு மளிகைக் கடையில் பிரதிவாதியின் பாக்கெட்டை வாங்கினார் (ரசீது, ஆவணம் 14, பக்கம் 97). அதிலும் மஞ்சள் பின்னணி, நடுவில் சிவப்பு வட்டம், வட்டத்துக்குள் உரலும் உலக்கையும். பிரதிவாதி 2024 இறுதி வரை பச்சை நிறப் பாக்கெட்டில் விற்றவர் (ஆவணம் 15, பக்கம் 99)."

இதில் ஒரு அடைமொழிகூட இல்லை. கடைசி வாக்கியத்தைப் பாருங்கள். பச்சையில் விற்றவர் திடீரென்று மஞ்சளுக்கு ஏன் வந்தார்? "தீய எண்ணம்" என்ற சொல்லைப் போடாமலேயே படிப்பவர் அந்த முடிவுக்குத் தானாக வந்துவிடுவார். நீங்கள் சொல்லி அவர் நம்புவதைவிட அவரே கண்டுபிடித்து நம்புவது பலமானது. உங்கள் சீனியர் கேட்கிற சங்கதி இதுதான்.

"சிவில் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 6 விதி 2 முக்கிய சங்கதிகளை மட்டும்தானே சொல்லச் சொல்கிறது, சாட்சியத்தைச் சொல்லக் கூடாதே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பாக்கெட்டை வாங்கியது, பாக்கெட்டின் தோற்றம், முதல் உபயோகத் தேதி ஆகியவை முக்கிய சங்கதிகள். அவற்றை நிரூபிக்கும் தாள் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கைகாட்டுவது சாட்சியத்தைப் பேசுவது ஆகாது. வணிக வழக்குகளில் கட்டளை 11-இன்படி ஆவணங்கள் எல்லாம் பிளைன்டோடு வந்தாக வேண்டும் என்பதால், அந்தக் கைகாட்டல் நீதிபதிக்குப் பெரிய உதவி.

மாவட்ட நீதிமன்ற அனுபவம் இங்கே வீணாகும் என்று நினைக்காதீர்கள். சொத்து வழக்கில் செட்யூல் (சொத்து விவரப் பட்டியல்) எழுதும்போது சர்வே எண், விஸ்தீரணம், வடக்கே யார் நிலம், கிழக்கே எந்தத் தெரு என்று நான்கெல்லை பார்த்துப் பார்த்துப் போட்டிருப்பீர்கள் இல்லையா? டிரேட்மார்க்குக்கும் நான்கெல்லை உண்டு. பதிவு எண், வகுப்பு, விண்ணப்பத் தேதி, உபயோகத் தேதி, வெறும் சொல்லா அல்லது லேபிளா, ஏதாவது பகுதிக்கு உரிமை கோர மாட்டேன் என்ற நிபந்தனை உண்டா என்று எல்லையைச் சரியாகப் போட்டால்தான் பக்கத்து நிலத்துக்காரன் எவ்வளவு தூரம் உள்ளே வந்துவிட்டான் என்று காட்ட முடியும்.

இந்த எல்லை விஷயத்தில் எல்லோரும் படிக்க வேண்டிய வழக்கு நம் உயர் நீதிமன்றத்திலேயே இருக்கிறது. கொரோனா காலத்தில் பதஞ்சலி 'கொரோனில்' என்ற பெயரில் மாத்திரை விற்றது. தொழிற்சாலைகளில் பயன்படும் ரசாயனங்கள் தயாரிக்கும் சென்னை நிறுவனம் ஒன்று, 1993 முதல் 'கொரோனில்-213 எஸ்பிஎல்', 'கொரோனில்-92 பி' என்ற சின்னங்களைப் பதிவு செய்து வைத்திருந்தது. அது வழக்குப் போட்டது. தனி நீதிபதி 2020 ஆகஸ்டில் தடை கொடுத்து, 10 லட்சம் ரூபாய் செலவுத்தொகையும் விதித்தார். 2021-இல் டிவிஷன் பெஞ்ச் (இரு நீதிபதிகள் அமர்வு) அதை ரத்து செய்தது.

இரண்டு தீர்ப்புகளையும் அடுத்தடுத்துப் படியுங்கள். ரசாயனமும் மாத்திரையும் ஒரே மாதிரிச் சரக்கு இல்லை. அதனால் வழக்கு டிரேட்மார்க் சட்டத்தின் பிரிவு 29(4)-ஐ நம்பி நின்றது. அந்தப் பிரிவு பல நிபந்தனைகளைக் கேட்கிறது. சின்னத்துக்கு இந்தியாவில் நற்பெயர் இருக்க வேண்டும். பிரதிவாதியின் உபயோகத்துக்குத் தக்க காரணம் இருக்கக் கூடாது. அந்த உபயோகம் நற்பெயரைத் தவறாகப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும், அல்லது சின்னத்தின் தனித்தன்மைக்கோ பெயருக்கோ கேடு செய்ய வேண்டும். பதிவு எண்ணும் எழுத்தும் சேர்ந்த சின்னத்துக்கே இருக்கும்போது 'கொரோனில்' என்ற சொல்லுக்கு மட்டும் தனி உரிமை கேட்க முடியுமா என்ற கேள்வியும், நற்பெயருக்கு முகாந்திரம் காட்டியாகிவிட்டதா என்ற கேள்வியும் மேல்முறையீட்டில் வாதிக்கு எதிராகப் போயின.

எழுதுபவருக்கு இதிலிருந்து ஒரு வேலைமுறை கிடைக்கிறது. எந்தப் பிரிவை நம்புகிறீர்களோ, முதலில் அந்தப் பிரிவைத் துண்டு துண்டாக வெட்டுங்கள். ஒரு தாளில் கோடு போட்டு இடது பக்கம் ஒவ்வொரு துண்டையும் எழுதுங்கள். வலது பக்கம் அதற்கு உங்களிடம் இருக்கும் சங்கதி, ஆவணம், பக்கம். எந்தத் துண்டுக்கு எதிரே வெற்றிடம் இருக்கிறதோ, அன்றைக்கே கிளையண்டுக்குப் போன் செய்யுங்கள். விளம்பரச் செலவுக்கு ஆடிட்டர் சான்று இருக்கிறதா, பழைய இன்வாய்ஸ் கிடைக்குமா, பத்திரிகைச் செய்தி உண்டா என்று கேளுங்கள். வெற்றிடத்தை "உலகப் புகழ்பெற்ற" என்ற சொல்லால் நிரப்பினால், முதல் நாள் ஒருவேளை யாரும் கவனிக்காமல் போகலாம். எதிர்த்தரப்பு ஆஜரானதும் கை வைப்பது அங்கேதான்.

அடுத்து உபயோகம். பதிவுச் சான்றிதழ் கையில் இருந்தால் எல்லாம் முடிந்தது என்று ஜூனியர்கள் நினைத்து, உபயோக வரலாற்றை இரண்டு வரியில் கடந்துவிடுகிறார்கள். திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா வழக்கை எடுத்துப் படியுங்கள். உச்ச நீதிமன்றம் 2015-இல் தீர்த்தது. இரு தரப்பும் பதிவு வைத்திருந்த வழக்கு அது. பதிவு பெற்ற இருவர் ஒருவர் மேல் ஒருவர் பதிவை வைத்துப் பாய முடியாது என்கிறது பிரிவு 28(3). ஆனால் பிரிவு 27(2) பாஸிங் ஆஃப் உரிமையை, அதாவது தன் சரக்கை உங்கள் சரக்குபோலக் காட்டி விற்பவரைத் தடுக்கும் உரிமையை, தனியாகக் காப்பாற்றுகிறது. யார் முன்னால் உபயோகித்தார் என்பதே வழக்கைத் தீர்த்தது. பிளைன்டில் உபயோகத்தை வருடவாரியாக, ஆவணத்தோடு எழுதி வைத்திருந்தால், பதிவு என்ற கால் ஆடும்போது உபயோகம் என்ற கால் தாங்கும்.

இனி, டிரேட்மார்க் வழக்குகளில் பலர் தடுக்கி விழுகிற ஓர் இடத்தைச் சொல்கிறேன். பிளைன்ட் எழுத உட்காரும் முன் பதிவு அலுவலகத்தின் இணையப் பக்கத்தில் உங்கள் கிளையண்டின் விண்ணப்ப பைல் முழுவதையும் இறக்கிப் படியுங்கள். சான்றிதழோடு நிறுத்திவிடாதீர்கள். விண்ணப்பத்தில் உபயோகத் தேதி என்ன போட்டார்கள்? "இனிமேல்தான் உபயோகிக்கப் போகிறோம்" என்று 2016-இல் விண்ணப்பித்துவிட்டு, பிளைன்டில் "2009 முதல் விற்கிறோம்" என்று எழுதினால், அந்த முரண் ஒன்றே எதிர்த்தரப்பின் முதல் பக்கத்தை நிரப்பிவிடும். அதைவிட ஆபத்தானது பரிசோதனை அறிக்கைக்கு (விண்ணப்பத்தைப் பார்த்துப் பதிவாளர் எழுப்பும் ஆட்சேபங்களுக்கு) கொடுத்த பதில். பதிவாளர் வேறொரு சின்னத்தைக் காட்டி ஆட்சேபித்தபோது, "எங்கள் சின்னமும் அதுவும் முற்றிலும் வேறு, மக்கள் குழம்பவே மாட்டார்கள்" என்று கிளையண்டின் ஏஜென்ட் எழுதிக் கொடுத்திருப்பார். இப்போது அதே சின்னக்காரர் மேல் "மக்கள் குழம்புகிறார்கள்" என்று வழக்குப் போட வந்திருப்பார்கள். இதை மறைத்து ஒருதலைப்பட்சத் தடை வாங்கினால், அந்தத் தடை கலைவதோடு உங்கள் ஆபீஸின் பெயரும் கெடும். இருப்பதைச் சொல்லி, ஏன் அது இந்த வழக்குக்கு முட்டுக்கட்டை இல்லை என்று இரண்டு பத்தி எழுதுங்கள். தடை விவகாரத்தில் நேர்மையான எழுத்துக்கு ஈடான தந்திரம் ஒன்றும் கிடையாது.

ஆட்சியெல்லை பற்றிய பத்தியைப் பழைய பிளைன்டிலிருந்து அப்படியே ஒட்டுகிற பழக்கம் எல்லா ஆபீஸிலும் இருக்கிறது. தயவுசெய்து ஒட்டாதீர்கள். டிரேட்மார்க் சட்டம் 134(2), வாதி தொழில் நடத்தும் இடத்தில் வழக்குப் போடும் வசதியைத் தருகிறது. ஆனால் அது பதிவான சின்னத்தின் மீறலுக்குத்தான், பாஸிங் ஆஃபுக்கு இல்லை. அதனால்தான் சென்னை உயர் நீதிமன்றத்தில் இரண்டையும் சேர்த்துப் போடும்போது, வழக்கின் சங்கதிக்கேற்ப லெட்டர்ஸ் பேடன்ட் (உயர் நீதிமன்றத்தை நிறுவிய சாசனம்) ஷரத்து 12, ஷரத்து 14 ஆகியவற்றின்கீழ் அனுமதி கேட்கிறோம். ஏன் கேட்கிறோம் என்று புரிந்து எழுதினால், எந்த வழக்கில் அது தேவை, எதில் தேவையில்லை என்று உங்களுக்கே தெரியும். 2015-இல் சஞ்சய் தாலியா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் கூடவே படியுங்கள். தலைமை அலுவலகம் இருக்கும் ஊரிலேயே வழக்கு மூலமும் எழுந்திருந்தால், தூரத்துக் கிளை ஒன்றைக் காட்டி வேறு ஊரில் வழக்குப் போட முடியாது.

அவசரம் பற்றிய பத்தியும் இப்போது தனி கவனம் கேட்கிறது. வணிக நீதிமன்றச் சட்டம் 12ஏ, அவசர இடைக்கால நிவாரணம் தேவைப்படாத வழக்கில் முதலில் சமரசத்துக்குப் போகச் சொல்கிறது. அது கட்டாயம் என்று 2022-இல் பாட்டீல் ஆட்டோமேஷன் வழக்கில் தீர்ப்பானது. தடை மனு ஒன்றைச் சேர்த்துவிட்டால் போதும் என்ற எண்ணத்துக்கு 2023-இல் யாமினி மனோகர் வழக்கு பதில் சொன்னது. பிளைன்டையும் ஆவணங்களையும் முழுமையாகப் பார்த்து, அவசரம் உண்மையா அல்லது 12ஏ-யைத் தாண்ட வைத்த திரையா என்று நீதிமன்றம் முடிவு செய்யலாம். அதனால் "ஈடு செய்ய முடியாத இழப்பு" என்று மட்டும் எழுதினால் போதாது. எப்போது தெரிய வந்தது, தெரிந்த பிறகு ஒவ்வொரு வாரமும் என்ன செய்தீர்கள், இப்போது என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று தேதி போட்டு எழுதுங்கள்.

இதோடு சேர்ந்ததுதான் வக்கீல் நோட்டீஸ். அது நாளைக்கு ஆவணமாக நீதிமன்றத்துக்கு வரப்போகிற எழுத்து. ஜனவரியில் காரசாரமாக நோட்டீஸ் விட்டுவிட்டு டிசம்பரில் அவசரம் என்று வந்தால், நடுவில் போன மாதங்களுக்கு யார் பதில் சொல்வது? பேச்சுவார்த்தை நடந்திருந்தால் அதை எழுதுங்கள். ஆதாரமில்லாத மிரட்டலுக்கு எதிராகவே வழக்குப் போட டிரேட்மார்க் சட்டம் 142 இடம் தருகிறது என்பதையும் நோட்டீஸ் எழுதும்போது மனதில் வையுங்கள்.

தடை மனுவுக்கான அபிடவிட்டில் பிளைன்டை மறுபடி முழுதாகத் தட்டச்சு செய்வது நம் ஒரிஜினல் சைடில் (உயர் நீதிமன்றமே வழக்கை நேரடியாக விசாரிக்கும் பிரிவில்) பரவலான பழக்கம். முப்பது பக்க பிளைன்ட், இருபத்தெட்டுப் பக்க அபிடவிட். அந்தத் தடை மனு முதல் நாள் கூப்பிடப்படும்போது நீதிபதிக்குக் கிடைக்கிற நேரம் சில நிமிடங்கள்தான். எதிர்த்தரப்பைக் கேட்காமல் தடை கொடுத்தால், அதற்கான காரணத்தை அவர் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது கட்டளை 39 விதி 3. அந்தக் காரணத்தை எடுத்து எழுத அவருக்கு வசதியாக உங்கள் அபிடவிட் இருக்கட்டும். நான் விரும்பும் அபிடவிட் எட்டு, பத்துப் பக்கத்தில் முடியும். உரிமை என்ன, மீறல் என்ன, எப்போது தெரிந்தது, காத்திருந்தால் என்ன ஆகும், தடை கொடுத்தால் பிரதிவாதிக்கு என்ன இடைஞ்சல், அவ்வளவுதான். நடுவில் இரு பாக்கெட்டுகளின் வண்ணப் படம் அடுத்தடுத்து, ஒரே அளவில், ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். கறுப்பு வெள்ளை ஜெராக்ஸில் மஞ்சளும் பச்சையும் ஒன்றாகத்தான் தெரியும். படத்தைத் தனி வால்யூமில் 212-ஆம் பக்கத்தில் வைத்துவிட்டு, "ஆவணத்தைக் காண்க" என்று எழுதுபவர்கள் தங்கள் வழக்கின் மிகச் சிறந்த வாதத்தை ஒளித்து வைக்கிறார்கள். தடை கிடைத்த அன்றோ மறுநாளோ பிரதிவாதிக்கு எல்லாம் அனுப்பிவிட்டதாக அபிடவிட் தாக்கல் செய்ய வேண்டும் என்பதையும் அதே விதி சொல்கிறது. அந்த அபிடவிட்டையும் முன்கூட்டியே தயார் செய்து வையுங்கள்.

இணையக் கடைப் பக்கங்கள், இன்ஸ்டாகிராம் பதிவுகள் ஆகியவற்றின் ஸ்கிரீன்ஷாட் இல்லாத வழக்கே இப்போது இல்லை. 2024 ஜூலை 1 முதல் மின்னணு ஆவணங்களுக்குச் சான்றிதழ் கேட்ட பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி போய், பாரதிய சாட்சிய சட்டத்தின் பிரிவு 63 வந்துவிட்டது. சான்றிதழுக்கு ஏ, பி என்று இரண்டு பகுதி. முதலாவது தரப்பினர் கொடுப்பது, இரண்டாவது நிபுணர் கொடுப்பது. ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் எண்) குறிக்க வேண்டும். பழைய 65பி வாசகத்தை இன்னும் ஒட்டுகிற டிராப்டுகளைப் பார்க்கிறேன். யார், எந்தக் கருவியில், எந்தத் தேதியில் எடுத்தார்கள் என்பதை ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் நிமிடத்திலேயே குறித்து வைக்கச் சொல்லுங்கள்.

பிரதிவாதி பக்கம் எழுதுவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சம்மன் கிடைத்து 120 நாள் தாண்டினால் வணிக வழக்கில் ரிட்டன் ஸ்டேட்மென்ட் (பிரதிவாதியின் பதில் மனு) போட முடியாது. "பத்தி 5 முதல் 19 வரை மறுக்கப்படுகிறது" என்று மொத்தமாக மறுக்கவும் முடியாது. கட்டளை 8 விதி 3ஏ, ஏன் மறுக்கிறீர்கள், உங்கள் தரப்பு உண்மை என்ன என்று சொல்லச் சொல்கிறது. எழுதத் தொடங்கும் முன் உங்கள் தரப்பின் ஒரு வரி என்னவென்று முடிவு செய்துகொள்ளுங்கள். "அந்தச் சொல் வாதிக்கு மட்டும் சொந்தமானதில்லை" என்பது ஒரு வரி. 2020-இல் 'மேஜிக் மசாலா' என்ற சொல்லுக்காக ஐடிசி-யும் நெஸ்லேயும் சென்னை உயர் நீதிமன்றத்தில் மோதிய நூடுல்ஸ் வழக்கில் ஐடிசி தோற்றது. தீர்ப்பு முழுவதும் அந்த ஒரு வரியைச் சுற்றித்தான் ஓடுகிறது. "எங்களுக்கு எதிராகப் பதிவே செல்லாது" என்பது வேறு வரி. அதைப் பிடித்தால் டிரேட்மார்க் சட்டம் 124, பதிவு நீக்க மனு என்று பாதையே மாறும். இரண்டையும் அரைகுறையாக எழுதினால் இரண்டுமே நிற்காது.

பேடன்ட் பற்றிக் கேட்டீர்கள். பேடன்ட் ஏஜென்ட் தேர்வுக்கு அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் தேவை. நீதிமன்றத்தில் பேடன்ட் வழக்கு நடத்த வழக்கறிஞராக இருந்தால் போதும். அறிவியல் தெரியாதவர் எழுதும் பேடன்ட் பிளைன்ட் சில சமயம் பொறியாளர் எழுதுவதைவிடத் தெளிவாக இருக்கும். காரணம், அவர் தனக்குப் புரியும்வரை கேட்டிருப்பார். கண்டுபிடித்தவரையோ அவருடைய பொறியாளரையோ எதிரே உட்கார வைத்து, "எனக்குப் படம் போட்டுக் காட்டுங்கள்" என்று சொல்லுங்கள். வெட்கப்படத் தேவையில்லை. நீதிபதிக்கும் இதே கேள்விகள்தான் வரப்போகின்றன.

பேடன்ட் வழக்கின் உயிர் கிளெய்ம் சார்ட். கிளெய்ம் என்பது கண்டுபிடிப்பில் எதற்கு உரிமை என்று பேடன்டில் சொல்லும் வாசகம். கிளெய்மின் வாசகத்தை அங்கம் அங்கமாகப் பிரித்து அட்டவணையின் முதல் கட்டத்தில் போடுங்கள். எதிரே பிரதிவாதியின் பொருளில் அந்த அங்கம் எங்கே இருக்கிறது. அதற்கு எதிரே ஆதாரம். கிளெய்மின் சொல்லை உங்கள் வசதிக்கு மாற்றி எழுதாதீர்கள். "கொண்டது" என்று இருந்தால் "கொண்டது"தான். வாதியின் பொருளையும் பிரதிவாதியின் பொருளையும் ஒப்பிடுவது இன்னொரு பரவலான தவறு. ஒப்பிட வேண்டியது கிளெய்மையும் பிரதிவாதியின் பொருளையும். எர்லோட்டினிப் என்ற புற்றுநோய் மருந்து தொடர்பான ரோஷ்–சிப்லா வழக்கில் டெல்லி டிவிஷன் பெஞ்ச் 2015-இல் இதைத் தெளிவாக எழுதியிருக்கிறது.

நம்மூர் உதாரணம் வேண்டுமானால் பஜாஜ்–டிவிஎஸ் வழக்கு. சிறிய இன்ஜினில் இரண்டு ஸ்பார்க் பிளக் வைக்கும் தொழில்நுட்பம் பற்றியது. டிவிஎஸ்ஸின் இன்ஜினில் மூன்று வால்வு. தனி நீதிபதி 2008-இல் தடை கொடுத்தார், டிவிஷன் பெஞ்ச் 2009-இல் நீக்கியது. ஒரே கிளெய்மை இரண்டு அமர்வுகள் எப்படிப் படித்தன என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு சொல்லை எங்கே அழுத்துகிறோம் என்பதில் வழக்கு எப்படித் திரும்புகிறது என்று புரியும். அதே வழக்கில்தான் உச்ச நீதிமன்றம், அறிவுசார் சொத்துரிமை வழக்குகளை நாள்தோறும் விசாரித்து நான்கு மாதத்துக்குள் இறுதித் தீர்ப்பு சொல்லப் பாருங்கள் என்றது. நடைமுறை வேறு மாதிரி இருப்பதால்தான் இடைக்காலத் தடைக்கான எழுத்துக்கு இவ்வளவு முக்கியத்துவம்.

எழுத்துபூர்வ வாதங்களுக்குச் சட்டமே அளவுகோல் கொடுத்திருக்கிறது. வணிக வழக்குகளில் கட்டளை 18 விதி 2-இல் சேர்க்கப்பட்ட உட்பிரிவுகள், சுருக்கமாகவும் தனித்தனித் தலைப்புகளிலும் எழுதச் சொல்கின்றன. தலைப்பு என்றால் "டிரேட்மார்க் மீறல்" என்று போடாதீர்கள். "பிரதிவாதி 2024 வரை பச்சைப் பாக்கெட்டில் விற்றார்" என்று போடுங்கள். தலைப்புகளை மட்டும் புரட்டிப் படித்தாலே உங்கள் வாதம் முழுவதும் நீதிபதிக்குக் கிடைத்துவிட வேண்டும். ஒரு சங்கதிக்கு ஒரு தீர்ப்பு போதும். மருந்துப் பெயர் வழக்கில் 2001 காடிலா தீர்ப்பு இருந்தால், அதன் அளவுகோல்களை எடுத்து உங்கள் சங்கதியோடு பொருத்துங்கள். அதையே திரும்பச் சொன்ன பதினைந்து தீர்ப்புகளை அடுக்குவதால் பலன் இல்லை.

பயிற்சிக்கு ஒரு வழி சொல்கிறேன். வாரத்துக்கு ஒரு தீர்ப்பு எடுங்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் அறிவுசார் சொத்துரிமைப் பிரிவு தனி விதிகளோடு இயங்குகிறது, அவை 2023-இல் நடைமுறைக்கு வந்தன. அதன் தீர்ப்புகள் நீதிமன்ற இணையதளத்தில் இலவசம். சங்கதிப் பகுதியை மட்டும் படித்துவிட்டு மூடி வையுங்கள். அதை வைத்துத் தேதிப் பட்டியல் ஒன்றும், மீறலைச் சொல்லும் இரண்டு பத்தியும் நீங்களே எழுதுங்கள். பிறகு காரணப் பகுதியைத் திறந்து, நீதிபதி எந்தச் சங்கதியைப் பிடித்து முடிவுக்கு வந்தார் என்று பாருங்கள். அந்தச் சங்கதி உங்கள் பத்தியில் இருக்கிறதா? இருந்தால் எத்தனையாவது வரியில்? நாலு மாதம் இதைச் செய்தால் சிவப்பு மை குறையும்.

ஆங்கிலம் தடுமாறும் இடங்களில், நடந்ததை முதலில் தமிழில் ஒரு பக்கம் எழுதிவிடுங்கள். யார், எப்போது, எங்கே, என்ன செய்தார். கிளையண்ட் பெரும்பாலும் தமிழில்தான் சொல்லியிருப்பார், கடைக்காரர் தமிழில்தான் பேசியிருப்பார். சம்பவம் தமிழில் நேராக வந்துவிட்டால், சிறு சிறு வாக்கியங்களாக ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவது சிரமமில்லை. ஆங்கிலத்திலேயே யோசிக்கப் போய், பழைய பிளைன்டின் ஆடம்பர வாசகங்களைக் கடன் வாங்குவதில்தான் உங்கள் சீனியர் சொல்லும் "சத்தம்" உள்ளே வருகிறது.

ஏஐ விஷயத்தில் என் கருத்து கறாரானது. தேதிப் பட்டியலை ஒழுங்குபடுத்த, நீண்ட வாக்கியத்தை உடைக்க, இலக்கணம் பார்க்க உபயோகியுங்கள். தீர்ப்பு மேற்கோளை மட்டும் அதை நம்பி எடுக்காதீர்கள். இல்லாத தீர்ப்பைச் சரளமாகச் சொல்லும். ஒவ்வொரு மேற்கோளையும் மூலத்தில் திறந்து, பத்தி எண் வரை பார்த்த பிறகே போடுங்கள். இன்னும் வெளியாகாத பேடன்ட் விண்ணப்பம், கிளையண்டின் வியாபார ரகசியம், விற்பனைக் கணக்கு எதையும் பொது ஏஐ தளங்களில் ஏற்றக் கூடாது. ரகசியத்தைக் காப்பாற்றத்தான் நம்மிடம் வருகிறார்கள்.

கோர்ஸ் பற்றி: உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பான வைப்போவின் அகாடமி நடத்தும் டிஎல்-101 என்ற பாடம் இணைய வழியில் இலவசம். அடிப்படைகளை ஒழுங்காக ஒருமுறை பார்க்க நல்லது, பேடன்டும் டிசைனும் புதிதாக இருப்பவர்களுக்குக் குறிப்பாக. தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களின் டிப்ளமாக்களும் இருக்கின்றன. கையில் பணமும் நேரமும் இருந்தால் சேருங்கள். ஆனால் அவை சட்டத்தைச் சொல்லித்தரும், பிளைன்ட் எழுதச் சொல்லித்தராது. இந்த வருடம் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால், கோர்ஸைத் தள்ளிப் போட்டுவிட்டு, இடைக்கால மனுக்கள் வரும் நாட்களில் உங்கள் வழக்கு இல்லாவிட்டாலும் கோர்ட் ஹாலில் போய் உட்காருங்கள். நீதிபதி எந்தப் பக்கத்தைத் திருப்பச் சொல்கிறார், எந்தத் தேதியைக் கேட்கிறார், எந்தக் கேள்விக்கு வக்கீல் தாளைத் தேடுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த டிராப்டில் அந்தக் கேள்விகளுக்கான பதிலை முதல் மூன்று பக்கத்துக்குள் வையுங்கள். உங்கள் மசாலா வழக்கு இன்னும் பைல் ஆகவில்லை என்றால், கிளையண்டிடம் பிரதிவாதியின் பழைய பாக்கெட் ஒன்று கிடைக்குமா என்று இன்றைக்கே கேளுங்கள்.